இரு நிலவுகளின் நாடு

பிரிட்டானியா என்றொரு நாடு. அந்நாட்டில் இறந்தவர்கள் உடனே மறைந்துவிடுவதில்லை, ஆவியாய் அலைவார்கள். கானகப் பாதையில் வெட்டுண்டு வீழ்ந்த ஒருவன் தன் உடலருகிலேயே நின்று, தன்னைக் கொன்றவன் தன் பையைத் துழாவிப் பொருள்களை எடுத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். முறையிட விரும்பி அவன் எதைச் சொன்னாலும், அச்சொற்கள் உயிரோடிருப்போருக்கு 'ஊ... ஊ...' என்னும் பொருளற்ற ஓலமாகவே எட்டும். ஆவிகளின் மொழியறியும் கலையில் தேர்ந்த ஒருவர் அருகில் இருந்தாலன்றிக் கொலையுண்டவனின் முறையீடு எவருக்கும் விளங்காது.

இது பாட்டி சொன்ன கதையன்று. 1997ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இயங்கிய ஒரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'அல்டிமா ஆன்லைன்' என்னும் கணினி விளையாட்டின் உலகம் இது. ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீட்டிலிருந்தவாறே இணையத்தின் வழியாக ஒரே நேரத்தில் அவ்வுலகிற்குள் நுழைந்தனர். கொல்லனாக, தையற்காரனாக, சுரங்கத் தொழிலாளியாக, மந்திரவாதியாக, வீரனாக, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று அங்கே வாழத் தொடங்கினர். விரும்பியவர் கள்வனாகவும் வாழலாம், கொலைஞனாகவும் வாழலாம்.

விளையாட்டுத்தானே என்று இதை நாம் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் பாத்திரம் கற்பனையே ஆயினும், அதன் பின்னே அமர்ந்திருந்த மனிதர் கற்பனையல்லர். அவர் செலவிட்ட மாலைப் பொழுதுகள் உண்மையானவை. அவர் அடைந்த சினமும் அவமானமும் உண்மையானவை. போரை விரும்புவோரும் விரும்பாதோரும் ஒரே நிலத்தில் சேர்ந்து வாழ்வது எங்ஙனம் என்னும் கேள்வி இத்தகைய உலகங்களில் ஏறக்குறைய அரை நூற்றாண்டாகக் கேட்கப்பட்டு வருகிறது. அதற்குக் கிடைத்த விடைகளின் வரலாற்றை நாம் சற்றே நிதானமாக நோக்குவோம்.

முதல் ஊரும் முதல் வாக்கெடுப்பும்

இவ்வுலகங்களின் மூத்த ஊர் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1978ஆம் ஆண்டில் ராய் ட்ரப்ஷா என்னும் மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் மற்றொரு மாணவர் வளர்த்தெடுத்த அவ்வுலகிற்கு 'மட்' என்று பெயர். அங்கே படங்கள் இல்லை, யாவும் எழுத்துகளே. எழுத்தாலான அச்சிற்றுலகிலும் ஒருவர் மற்றவரைக் கொல்ல இயன்றது. ஆக, இக்கேள்வியும் இவ்வகை விளையாட்டும் ஒரே தொட்டிலில் கிடந்தவை எனலாம்.

1986இல் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனம் 'ஹேபிடட்' என்னும் உலகை அமைத்தது. படங்களோடு கூடிய பொது உலகங்களில் அது முன்னோடியானது. அதனை உருவாக்கிய சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் ஆகிய இருவரும் தம் அனுபவத்தைப் பின்னாளில் ஒரு கட்டுரையாக எழுதி வைத்தனர். ஆயுதங்களையும் களவையும் அவர்கள் தம் உலகில் அனுமதித்திருந்தனர். சிலர் அதில் களிப்புற்றனர், சிலர் கொதித்தெழுந்தனர். கொலை குற்றமா, அன்றி விளையாட்டின் ஒரு பகுதியா என மக்களிடமே கேட்டபோது, கருத்து ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்தது. இறுதியில் ஊருக்குள் கொலையும் களவும் இயலாது, ஊருக்கு வெளியே இயலும் என்று ஓர் உடன்பாடு காணப்பட்டது. மக்கள் தமக்கென ஊர்க்காவல் தலைவர் ஒருவரையும் தேர்ந்தெடுத்தனர்.

அக்கட்டுரை தரும் மற்றொரு செய்தி நம் வாசகர்களின் கவனத்திற்குரியது. அவ்வுலகில் ஆடியவர்களுள் ஒருவர், தம் அன்றாட வாழ்வில் கிரேக்க வைதீகத் திருச்சபையின் குரு. அவர் அங்கே ஒரு கோயிலைத் திறந்து, 'தூய வாதுமையின் சபை' என்று அதற்குச் சற்றே நகைச்சுவையாகப் பெயரிட்டார். பெயரில்தான் நகைச்சுவை, ஒழுங்கில் இல்லை. ஆயுதம் ஏந்துதல், திருடுதல், எவ்வகை வன்முறையிலும் பங்குகொள்ளுதல் ஆகியவற்றை அச்சபையார் அறவே விலக்க வேண்டும் என்பது விதி. சபை செல்வாக்குப் பெற்றது. அவரும் அவ்வூராரின் பெருமதிப்பைப் பெற்றார். ஆயுதத்தை எவரும் எடுக்கக்கூடிய இடத்தில், எடுக்க மாட்டோம் என்று தாமாகவே உறுதிபூண்ட சிலர் இருந்தனர் என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்வோம். கட்டுரையின் முடிவில் இதற்கு நாம் திரும்ப வேண்டியிருக்கும்.

அறத்தின் நாட்டில் கொலை

பிரிட்டானியாவைப் படைத்தவர் ரிச்சர்ட் கேரியட். இணையத்திற்கு முன்பே, தனியொருவர் ஆடும் தொடர் விளையாட்டுகளாக அந்நாட்டை அவர் வளர்த்து வந்திருந்தார். 1985இல் வெளிவந்த நான்காம் அல்டிமா அத்துறையிலேயே ஒரு புதுமை. கொடிய பகைவனைக் கொன்று வெற்றி காண்பது அதன் இலக்கன்று. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எண்வகை அறங்களில் தேர்வதே அங்கே வெற்றி. பார்வையற்ற வணிகப் பெண்ணுக்குக் குறைந்த காசைக் கொடுத்து ஏமாற்றினால் ஆடுபவரின் அறம் குன்றும்; அவள் அறியாவிட்டாலும் ஆட்டம் அறியும்.

அந்த அறத்தின் நாட்டைத்தான் 1997இல் ஆயிரக்கணக்கானோருக்குத் திறந்துவிட்டார்கள். வெளியீட்டிற்கு முந்திய சோதனைக் காலத்தில், ஆகஸ்ட் மாதத்தில், நாட்டின் அரசர் மக்கள் முன் தோன்றினார். அரசர் வேடத்தில் இருந்தவர் கேரியட்டேதான். எவராலும் தம்மைக் கொல்ல இயலாது என்பது அவர் எண்ணம். ஆனால் வழங்கிக் கணினி மீண்டும் இயக்கப்பட்டபின் அந்தப் பாதுகாப்பை அமைக்க மறந்திருந்தார்கள். கூட்டத்திலிருந்த ஓர் ஆட்டக்காரர் தீமூட்டும் மந்திரத்தை ஏவ, அரசர் மாண்டு வீழ்ந்தார். இவ்வகை விளையாட்டுகளின் வரலாற்றில் மிகுதியாகப் பேசப்பட்ட நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று. பலர் சிரித்தனர். ஆயினும் வரவிருந்ததன் முன்னறிவிப்பு அதில் இருந்தது.

நகரங்களுக்குள் காவலர் இருந்தனர். குற்றம் நடந்தவுடன் எவரேனும் கூவியழைத்தால் நொடியில் தோன்றிக் குற்றவாளியைக் கொல்வார்கள். நகரெல்லைக்கு அப்பால் காவல் இல்லை. ஆனால் சுரங்கமும் காடும் வேட்டை நிலமும் எல்லைக்கு அப்பால்தான் இருந்தன. இரும்பு தோண்டச் சென்ற புதியவரை வழிமறித்துக் கொன்று, தாதுவையும் கருவியையும் பறித்துச் செல்லும் கூட்டங்கள் பெருகின. நல்ல ஆயுதமும் பயிற்சியும் உள்ள ஐவர், மண்வெட்டி ஏந்திய ஒருவரைச் சூழ்ந்து கொல்வதைப் போர் என்பதா? போர் என்றே அவர்கள் சொன்னார்கள்.

வண்ணங்களால் எழுதிய சட்டம்

இவ்விளையாட்டின் வடிவமைப்பில் தலையாய பொறுப்பேற்றிருந்தவர் ராஃப் கோஸ்டர். கொலையை அடியோடு தடைசெய்வது அவருக்கு எளிதாயிருந்தது; ஒரு நிரலை மாற்றினால் போதும். அவர் அதை விரும்பவில்லை. தீமை செய்ய இயலாத உலகில் நன்மை செய்வதற்கும் பொருளில்லை. மக்கள் கூடித் தமக்குத் தாமே காவலும் நீதியும் அமைத்துக்கொள்வார்கள் என்பது அவர் நம்பிக்கை. அந்நம்பிக்கை முற்றிலும் பொய்த்ததென்றும் சொல்வதற்கில்லை. ஆட்டக்காரர்களே ஊர்களை அமைத்தனர்; விடுதிகளை நடத்தினர்; கொள்ளையரை எதிர்க்கக் காவற்படை திரட்டினர். முகமறியாதவர் உயிரைக் காக்க ஓடிவந்து, அன்று தொடங்கிய நட்பைப் பல்லாண்டுகள் போற்றியவர்களும் உண்டு.

ஆனால் காவற்படை உறங்கும் நேரமும் உண்டு. கொள்ளையர் காத்திருக்க வல்லவர். எனவே நிறுவனம் சட்டங்களை இயற்றியது. குற்றமற்றவர் பெயர் நீல நிறத்தில் தோன்றும். குற்றம் புரிந்தவர் பெயர் சாம்பல் நிறத்தில். ஐந்து கொலைகளை எட்டியவர் பெயர் சிவப்பில். கொலைஞரின் தலைக்கு விலை வைக்கும் உரிமை, கொலையுண்டவருக்கு அளிக்கப்பட்டது. சிவந்த பெயருடையவர் இறந்து எழுந்தால், பாடுபட்டுத் தேடிய திறமைகளை இழக்கும்படியும் செய்யப்பட்டது.

ஒவ்வொரு சட்டத்திற்கும் ஒரு சந்து இருந்தது. குற்றமற்றவரை முதலில் அடிக்கத் தூண்டிவிட்டு, அவர் பெயர் சாம்பல் நிறம் அடைந்ததும் சட்டத்தின் துணையோடேயே அவரைக் கொல்லக் கற்றனர் சிலர். தலைக்கு வைத்த விலை சிலருக்கு இழிவாகவில்லை. பட்டியலில் பெயர் ஏறுவதே பெருமையாயிற்று. பெயர் மிகவும் கெட்டுவிட்டால் அந்தப் பாத்திரத்தைக் கைவிட்டுப் புதுப்பெயரில் புதுமனிதனாகப் பிறக்கவும் வழி இருந்தது. கணினி செயலைக் கண்டது. கருத்தைக் காண அதற்குக் கண் இல்லை. நடிப்புக்காகக் கள்வனாய் ஆடியவரையும், பிறர் வேதனையைக் காண்பதற்கென்றே கள்வனாய் ஆடியவரையும் அது ஒரே வண்ணத்தால்தான் எழுதியது.

இதன் உள்ளியல்பை 1996லேயே ஒருவர் எடுத்துக்காட்டியிருந்தார். அவர் நாம் முன்பு கண்ட பார்ட்டிலே. இவ்வுலகங்களுக்கு வருவோரைச் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களைப் போல் அவர் நால்வகையாகப் பிரித்தார். வெற்றிகளைச் சேர்ப்போர், புதியன தேடுவோர், உறவாட வருவோர், பிறர்மீது தம் வலிமையை நாட்டுவோர் என்பன அவை. இந்நால்வரின் எண்ணிக்கை ஒன்றையொன்று சார்ந்தது என்றும் அவர் விளக்கினார். கடைசி வகையினர் பெருகினால் உறவாட வந்தோர் விலகுவர்; விலகினால் ஊர் வெறிச்சோடும். ஒரே வாயில் வழியே நுழைந்தாலும், நால்வரும் நான்கு வேறு ஊர்களைத் தேடி வந்தவர்கள் என்பது இதன் பொருள்.

இரு நிலவுகள்

1999 மார்ச் மாதத்தில் 'எவர்குவெஸ்ட்' என்னும் போட்டி விளையாட்டு வெளிவந்தது. அங்கே ஒருவர் தாமாக உடன்பட்டு அதற்குரிய குருவிடம் சென்று பதிந்துகொண்டாலொழிய, பிற ஆட்டக்காரர் அவரைத் தாக்க இயலாது. ஓயாத போரை விரும்புவோருக்கெனத் தனி வழங்கி ஒதுக்கப்பட்டது. மக்கள் திரள்திரளாக அங்கே சென்றனர். விரைவிலேயே அதன் சந்தாதாரர் எண்ணிக்கை பிரிட்டானியாவினுடையதை விஞ்சியது.

2000ஆம் ஆண்டில் பிரிட்டானியா பிளந்தது. அந்நாட்டு வானில் டிராமல், ஃபெலூக்கா என இரு நிலவுகள் உண்டு. அப்பெயர்களாலேயே நாடு முழுவதும் இரண்டு பிரதிகளாக ஆக்கப்பட்டது. பழைய நிலம் ஃபெலூக்கா. அங்கே பழைய சட்டமே நீடிக்கும். அதே மலைகளும் ஆறுகளும் ஊர்களும் கொண்ட புதிய நிலம் டிராமல்; அங்கே உடன்பாடின்றி எவரும் எவரையும் கொல்ல இயலாது. நிலவு வாயில்கள் வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு எவரும் போய்வரலாம்.

டிராமல் திறக்கப்பட்டதும், வீடு கட்ட இடமின்றித் தவித்தோர் வெற்று நிலத்தைத் தேடி ஓடினர். ஃபெலூக்காவின் மரங்கள் இலையுதிர்ந்த எலும்புகளாகவும், வழியெங்கும் கல்லறைகளாகவும் மாற்றி வரையப்பட்டன. பழைய ஊரில் வாழ்ந்தோர் தம் கண்முன்னே தம் ஊர் சுடுகாடாவதைக் கண்டனர். விளையாட்டின் சந்தாதாரர் எண்ணிக்கையோ கூடியது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் பழமொழி. இங்கே கூத்தாடிக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதும் உண்மை. தம் நம்பிக்கையை நெடுங்காலம் விடாது பற்றியிருந்ததால் விளையாட்டு இழந்தோரின் எண்ணிக்கை மிகப் பெரிது எனக் கோஸ்டரே பின்னாளில் எழுத்தில் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை நாம் மதிக்க வேண்டும்.

ஆயினும் பிரிவினை மூட்டிய மனக்கசப்பு இன்றுவரை அடங்கவில்லை. ஒரு சாரார், 'நீங்கள் அச்சத்தைக் கொன்று, அதனோடு வீரத்தையும் கொன்றீர்கள். காப்பதற்கு எவரும் இல்லாத நாட்டில் காவலனுக்கு என்ன வேலை?' என்று கேட்டனர். மறுசாரார், 'எங்கள் ஓய்வுநேரம் உங்கள் வேட்டைக்காடன்று' என்றனர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. கொள்ளையரை எதிர்த்துக் காவற்படை அமைத்தவர்கள் உண்மையிலேயே ஒன்றை இழந்தார்கள். பொது ஆபத்து இருந்தபோது அவர்களைப் பிணைத்த உறவு, ஆபத்து நீங்கியதும் தளர்ந்தது.

ஆனால் ஃபெலூக்காவின் பின்வரலாறு வேறோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. போரை விரும்புவோருக்கெனவே ஒரு நாடு முழுமையாக ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே தங்கியவர் யாவரும் ஆபத்தை அறிந்தே தங்கியவர். சமவலிமையோரோடு பொருதுவதே நோக்கமாயின், அதனினும் சிறந்த களம் ஏது? எனினும் அந்நிலம் மெல்ல மெல்ல ஆளரவம் குன்றியது. மக்களை மீண்டும் ஈர்ப்பதற்காக இருமடங்கு விளைபொருளையும் அரிய பரிசுகளையும் நிறுவனம் அங்கே வைக்க வேண்டியதாயிற்று. எதிர்த்து நிற்பவனைத் தேடிய வீரர் சிலர் அங்கேயே இருந்தனர்; அவர்களைக் குறைகூற ஒன்றுமில்லை. எஞ்சிய பலர் தேடியது எதிரியை அன்று, உடன்படாத ஒருவனை. ஆடு போனபின் ஓநாய்க்கும் அந்தக் காடு வேண்டியிருக்கவில்லை.

பின்வந்த உலகங்கள்

பின்வந்தோர் பெரும்பாலும் பிரிவினையையே பாடமாகக் கொண்டனர். 2004 நவம்பரில் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' தொடக்கத்திலேயே போர் வழங்கிகளையும் இயல்பு வழங்கிகளையும் தனித்தனியே வைத்தது. நுழையும்போதே ஒருவர் தம் ஊரைத் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம்.

உடன்பாடு பெற்றுவிட்டால் எல்லாம் செம்மையாகுமோ? 2006ஆம் ஆண்டில் அத்தகைய போர் வழங்கி ஒன்றில் நடந்ததை நாம் நினைவுகூர வேண்டும். உண்மை வாழ்வில் இறந்துபோன தம் தோழி ஒருவருக்காக, ஆட்டக்காரர் சிலர் விளையாட்டு உலகின் பனிப் பிரதேசம் ஒன்றில் அஞ்சலிக் கூட்டம் நடத்தினர். செய்தி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயுதம் ஏந்தாது வரிசையாய் நின்றவர்கள்மீது எதிரணிக் குழு ஒன்று பாய்ந்து யாவரையும் வீழ்த்தியது. அக்காட்சியைப் படமாக்கியும் பரப்பியது. அந்த வழங்கியின் விதிப்படி அது குற்றமன்று. அங்கே நுழையும்போதே யாவரும் போருக்கு உடன்பட்டவர்களே என்று தாக்கியோரின் பக்கம் நின்றவர்கள் வாதிட்டனர். விதி அவர்கள் பக்கம் இருந்தது என்பது மெய். சாவீட்டில் நிற்பவர் எதற்கு உடன்பட்டு அங்கே நிற்கிறார் என்பதை எந்த விதியும் எழுதி வைக்கவில்லை என்பதும் மெய்.

2018இல் அந்நிறுவனம் போர் வழங்கிகளின் பிரிவை நீக்கி, ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியபோது போர் நிலையை ஏற்கவும் விலக்கவும் வழிசெய்தது. ஏற்றவருக்குச் சிறு ஊக்கத்தொகுதியும் வைத்தது. ஒரு தரப்பில் ஏற்றோர் மிகுந்து மறுதரப்பில் குறைந்தபோது, குறைந்த தரப்பின் ஊக்கத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. சுவர் ஊரின் நடுவிலிருந்து ஒவ்வொருவரின் வாசற்படிக்கு இடம்பெயர்ந்தது எனலாம்.

பிரிக்காமலே விட்ட உலகமும் ஒன்றுண்டு. ஐஸ்லாந்து நாட்டின் சி.சி.பி. நிறுவனம் 2003இல் தொடங்கிய 'ஈவ் ஆன்லைன்' ஒரே விண்வெளி. அதில் மையத்திலிருந்து விலக விலகக் காவல் குறையும். மையத்திலும் காவலர் குற்றத்தைத் தடுப்பதில்லை. தண்டிக்க மட்டுமே செய்வர். 2008 முதல் ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் அவையொன்று நிறுவனத்தோடு கலந்துபேசி வருகிறது. 2014 ஜனவரி 27 அன்று, ஒரு விண்மண்டலத்தின் உரிமைக் கட்டணம் செலுத்தப்படாமற்போனதில் மூண்ட போர் ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. அந்த இடத்தில் சிதைவுகளை அழியாத நினைவுச் சின்னமாகவே நிறுத்தி வைத்தனர். ஒரே வானின்கீழ் வாழ்வது இயலாததன்று என்பதற்கு இது சான்று. அதற்கு அவர்கள் ஏமாற்றையும் இழப்பையும் அன்றாட விலையாகத் தர வேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

எஞ்சிய கேள்வி

இவ்வரலாற்றில் நாம் காண்பது யாது? போட்டி தீதன்று. களத்தில் எதிர்நின்று தோற்றவரும் வென்றவரும் கைகுலுக்கிப் பிரியும் ஆட்டம் மனிதரை மேம்படுத்தும். அதனைப் போட்டியாக்குவது வலிமையும் அன்று, விதியும் அன்று. எதிரே நிற்பவரும் விரும்பியே நிற்கிறார் என்ற ஒன்றே. அந்த ஒன்று இல்லாதபோது, விளையாட்டு என்னும் சொல் ஒருவருக்கு மட்டுமே பொருந்துகிறது.

பிரித்து வைத்தல் எளியோரைக் காத்தது. அதற்காக அதனை நாம் பழிக்க இயலாது. ஆனால் சுவர் காக்குமேயன்றிக் கற்பிக்காது. டிராமலில் எவரும் கொல்லவில்லை. கொல்ல இயலாததால் கொல்லவில்லை. ஹேபிடட்டின் அந்தச் சிறு சபையிலும் எவரும் கொல்லவில்லை. கொல்ல இயன்றும் கொல்லவில்லை. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இரண்டும் ஒன்றே. இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைத்தான் கேரியட்டும் கோஸ்டரும் கடக்க முயன்றார்கள். கடக்க முடியாமல் நின்றார்கள்.

நம் வீடுகளிலும் பிள்ளைகள் கைபேசித் திரையில் இத்தகைய களங்களுக்குள் நாள்தோறும் நுழைகின்றனர். வென்றாயா என்று அவர்களை நாம் கேட்கிறோம். அல்லது போதும், மூடு என்கிறோம். அங்கே யாரோடு ஆடினாய், அவரும் மகிழ்ந்தாரா என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

பிரிட்டானியாவில் ஆவியின் மொழி இயல்பாக எவருக்கும் விளங்குவதில்லை. அதனைப் பயில வேண்டும். பயிலப் பொழுது செலவாகும். எனினும் அது அந்நாட்டில் யாவருக்கும் திறந்திருந்த கலை. கொன்றவனும் அதைப் பயின்றிருக்கலாம்.